ஒரே வாரத்தில் சிவப்பழகா? சந்தேகப்படுங்கள்!

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் இருக்கிறது எங்கள் பாரிவாக்கம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், தெருவில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான். பிளட் ரிப்போர்ட்டை எடுத்து வந்து, "இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்று கேட்பார்கள். 'நான் டாக்டர் இல்லைம்மா' என்று எத்தனை தடவை சொன்னாலும் விடுவதில்லை.

அப்படித்தான் சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தன் பெண்ணை அழைத்து வந்தார். பெண்ணுக்கு இருபத்து நாலு வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவள், அதை விலக்கினதும் எனக்குத் திக்கென்றது. இரண்டு கன்னமும் வெந்நீர் பட்ட மாதிரி சிவந்து கிடக்கின்றன. மேலே பொடிப்பொடியாகப் பருக்கள். மூக்கின் இரு பக்கமும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிகின்றன. மேலுதட்டில் முன்பு இல்லாத பூனைமுடி.

"என்னம்மா போட்டே?"

"ஒண்ணுமில்ல டீச்சர்... கிரீம்தான். ரெண்டு நாள் போடாம விட்டேன், இப்படி எரியுது. திரும்பப் போட்டா அடங்கிடுது."

அந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போட்டால் அடங்கிவிடுகிறதாம்!

நடந்தது இதுதான். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தி, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி, ஆனா நல்ல லட்சணம்" என்று பாராட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பெண்ணின் சித்தி அதைப் பிடித்துக்கொண்டாள். "என் ஓரகத்தி பொண்ணு ஒரு கிரீம் போட்டா, எட்டே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடுச்சு" என்று பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் ஒரு மருந்துக் கடையில் நீட்டினாள் பெண். "அண்ணா, இது இருக்கா?" அண்ணாவும் எடுத்துக் கொடுத்தார். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. இவளும் கேட்பார் என்று நினைக்கவில்லை.

ஒரு வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது. ஆபீஸில் 'கல்யாணக் களை வந்துடுச்சு' என்றார்கள். அம்மாவுக்குப் பூரிப்பு. ஐந்து மாதம் ஓடிவிட்டது. நாம் நிறத்தைச் சொல்லும்போது வெள்ளையை 'சிவப்பு' என்போமில்லையா... கடைசியில் அவள் முகம் நிஜமாகவே சிவப்பாகிவிட்டது!

டியூபை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். மூன்று மருந்துகள். இது அழகு கிரீம் இல்லை. மங்கு போன்ற கோளாறுகளுக்குத் தோல் டாக்டர்கள், 'இத்தனை வாரம் மட்டும்' என்று கணக்குப் பார்த்து எழுதித் தருகிற மருந்து. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மேன் இந்த மாதிரி ஒரு மூன்று மருந்துக் கூட்டைச் சொன்னார். அவர் சொன்னது வியாதிக்கு. நம் ஊரில் அதைக் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பூசிக்கொள்கிறோம்.

இதில் முதலாவதாகச் சொன்ன மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. அரிப்பு, கரப்பான் போன்றவற்றுக்கு இவை நல்ல மருந்துகள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் முகத்தில் பூசினால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறம் தயாரிக்கும் செல்களையும் அடக்கிவைக்கும். அதனால்தான் உடனே 'பளிச்'. மாதக்கணக்கில் பூசினாலோ, தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோகும். பருவும் முடியும் வரும். கொஞ்சம் வெயில் பட்டால் எரியும். கிரீமை நிறுத்தினால் அத்தனை நாள் அடங்கிக் கிடந்ததெல்லாம் சேர்ந்து பொங்கும். பொங்கினதும் பயந்துபோய்த் திரும்பப் பூசுவோம். போதைப் பழக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்? நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் பாழான முகம். வியாதிக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரை விசாரித்ததில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருத்தர்! இந்த 433 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது டாக்டரே இல்லை. சித்தி மாதிரி, கடைக்கார அண்ணா மாதிரி யாரோ.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு 'ஷெட்யூல் எச்' என்று ஒரு பட்டியல் உண்டு. வெளியே பூசுகிற ஸ்டீராய்டுகளுக்கு ரொம்ப காலம் அதிலிருந்து விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் விடாமல் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. அதாவது இன்றைக்கு இவற்றைச் சீட்டில்லாமல் விற்பது தப்பு. டியூபின் மேல் 'ஆர்எக்ஸ்' என்ற குறியும் எச்சரிக்கை வாசகமும் இருக்கும். எங்கள் தெருப் பெண்ணின் டியூபிலும் இருந்தது. அதன் மேலேயே கட்டைவிரலை வைத்துப் பிதுக்கியிருக்கிறாள், பாவம்.

சரி, ஸ்டீராய்டு இல்லாத கிரீம் என்றால் தைரியமாகப் பூசலாமா? அடுத்த ஆசாமி ஹைட்ரோகுவினோன். இது நிறம் உண்டாவதையே தடுக்கும். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்ச நாள் போட்டால் மங்கு குறையும். வருஷக்கணக்கில் பூசினால் சிலருக்கு நேர்மாறாக, கன்னத்தில் நீலம் பாய்ந்த கறுப்பு படியும். அது லேசில் போகாது. தென்னாப்பிரிக்காவில் இப்படி எத்தனையோ பெண்களின் முகம் கெட்ட பிறகு, 1990-இல் அழகு கிரீம்களில் இதைச் சேர்க்கவே கூடாது என்று தடை போட்டார்கள். வெளுக்கப் பூசி, கறுத்துப்போன கதை!

இந்த இரண்டும் கெடுப்பது தோலை. மூன்றாவது ஆசாமி உள்ளேயே போய்விடுகிறது. அதுதான் பாதரசம்.

கேரளாவில் கோட்டக்கல் என்றால் நமக்கு ஆயுர்வேதம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் சிறுநீரக டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர் என்று சிலர் வருகிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்பின் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. பின் எதனால்? 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை இந்த வகைப் பாதிப்போடு வந்தவர்கள் 22 பேர். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே மாதிரி அடையாளம் பரிசோதனையில் தெரிந்தது. துருவித் துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள்! பெரும்பாலானவர்களுக்குக் கிரீமை நிறுத்தியதும் பாதிப்பு தணிந்தது. டாக்டர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகியோர் இதைச் சர்வதேச சிறுநீரக மருத்துவ இதழில் எழுதினார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது.

யோசித்துப் பாருங்கள்... கிட்னி டாக்டரிடம் போகிறவர், 'முகத்துக்கு என்ன பூசுகிறேன்' என்று தானாகச் சொல்வாரா? டாக்டருக்கும் கேட்கத் தோன்றாது. நல்லவேளை, இவர்களுக்குத் தோன்றியது. இத்தனைக்கும் இது புதுசில்லை. ஆப்பிரிக்காவில் நைரோபி டாக்டர்கள் 1972-லேயே இதே கதையை எழுதிவிட்டார்கள்.

பாதரசம் நிறம் உண்டாக்கும் நொதியை முடக்குகிறது. அதனால் தோல் வேகமாக வெளுக்கிறது. கூடவே தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கமின்மை, கை நடுக்கம், ஞாபக மறதி, காரணமில்லாத எரிச்சல் என்று நரம்புகளிலும் வேலையைக் காட்டும். பூசுகிறவர் மட்டும் என்றில்லை. தலையணை உறை, துண்டு, அம்மாவின் கன்னத்தில் முகம் வைத்துத் தூங்கும் குழந்தை என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் சேரும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுக் குழந்தைக்கும்.

பாதரசம் என்றால் பயப்படத் தெரியாதவர்கள் இல்லை நாம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிச்சத்துக்கு வந்து, 2001-இல் அதை மூடவைக்கிற அளவுக்குத் தமிழ்நாடு கொதித்தது. தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தையைக் கிட்டே விடமாட்டோம். அதையே டப்பாவில் அடைத்து 'நைட் கிரீம்' என்று தந்தால், காசு கொடுத்து முகத்தில் பூசிக்கொள்கிறோம்!

நம் நாட்டின் 2020-ஆம் வருஷ அழகுசாதன விதிகளின்படி, பூசுகிற கிரீமில் தெரியாமல் கலக்கிற பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது (கண்ணுக்கு இடுபவைக்கு மட்டும் வேறு கணக்கு). பாதரசத்தைச் சேர்த்துச் செய்கிற அழகுசாதனம் எதுவுமே கூடாது என்று 2023-இல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்து, 2025 வரை கெடு வைத்தன. ஆனால் அந்த டப்பாக்கள் விதிகளைப் படித்துவிட்டா வருகின்றன? சூட்கேஸில் வருகின்றன. போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கே வருகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? தயாரித்தவர் விலாசம், பேட்ச் எண், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்கிற பட்டியல் இதெல்லாம் இல்லாத டப்பா வேண்டவே வேண்டாம். பட்டியல் இருந்தால், அதில் மெர்குரி, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்ற வார்த்தைகள் தென்படுகிறதா பாருங்கள். இன்னொரு சூட்சுமம் உண்டு. சில டப்பாக்களில் 'தங்கம், வெள்ளி, அலுமினியம் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று போட்டிருப்பான். ஏன் தெரியுமா? பாதரசம் நகையைக் கெடுத்துவிடும். நகையில் படக் கூடாததைக் கன்னத்தில் பூசலாமாம்!

ஆனால் பாதரசம் கலப்பவன் அதை எழுதியா வைப்பான்? அதனால் நான் சொல்கிற முக்கியமான அடையாளம் ஒன்றே ஒன்றுதான். வேகம். ஒரு கிரீம் பத்து நாளில் உங்களை வெளுக்க வைத்தால், அது 'நல்ல கிரீம்' இல்லை; உள்ளே ஏதோ மருந்தோ விஷமோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சாதாரணமாக டி.வி.யில் வருகிற கிரீம்களைப் பற்றி எனக்கு இவ்வளவு பயமில்லை. அவற்றால் பெரிசாக ஒன்றும் ஆவதில்லை. பர்ஸ் இளைக்கும், அவ்வளவுதான். 1975-இல் வந்து வீட்டுக்கு வீடு இடம் பிடித்த பிரபல கிரீம் 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. நிறத்தை வைத்து யாரையும் மட்டமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரக்காரர்களுக்கே 2014-இல் நெறிமுறை வந்தாயிற்று. 2009-இல் 'கறுப்பும் அழகே' என்று நம் சென்னையிலிருந்துதான் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு இயக்கம் தொடங்கி, நடிகை நந்திதா தாஸ் வரை சேர்த்துக்கொண்டது. இப்படி விளம்பரம்கூடக் கொஞ்சம் வெட்கப்படக் கற்றுக்கொண்டது. வெட்கப்படாதது நம் வீட்டுக் கூடம்தான்.

பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டினதும் நம் முதல் கேள்வி என்ன? 'பையனா பொண்ணா'. அடுத்தது 'யாரு கலரு?' எடை எவ்வளவு, பால் குடித்ததா என்பதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னாலேயே, ஐந்தாம் மாதத்திலிருந்து குங்குமப்பூ. பாலில் போட்டுக் குடிப்பதில் தப்பில்லை, வாசனையாக இருக்கும். குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறம் பெற்றோரின் மரபணுவில் முடிவாகிவிட்ட சங்கதி. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது, கேட்டால் வயிறு எரியும். 'இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும்' என்று மாத்திரையை ஒளித்து வைக்கிற மாமியார்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வீட்டிலேயே நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த மாத்திரைகள் அரிசி டப்பாவுக்குள் கிடந்தன. ரத்தசோகையோடு பிரசவ அறைக்குப் போகிற பெண்ணுக்கு உயிரே ஆபத்து. நிற ஆசை எங்கெல்லாம் போய்க் கை வைக்கிறது பாருங்கள்.

இன்னொன்று, கழுத்துக் கறுப்பு. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்திருக்கும். 'அழுக்கு' என்று பீர்க்கங்காய் நாரால் பெண்ணைப் போட்டுத் தேய்ப்போம். போகவில்லையென்றால் கிரீம். பல பேருக்கு அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. பூச வேண்டியது கிரீமில்லை. பார்க்க வேண்டியது சர்க்கரை அளவு, உடல் எடை, பெண்ணாக இருந்தால் மாதவிடாய் ஒழுங்கு. கிரீமைப் பூசி மூடிவிட்டால் சர்க்கரை வியாதி வாசலில் நிற்பது தெரியாமலே போகும்.

உயிரியல் டீச்சராக ஒரே ஒரு பாடம் நடத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறம் தயாரிக்கும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை தயாரிக்கிற மெலனின் அளவும் வகையும்தான் வேறு. அந்த மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்காமல் குடை பிடிக்கிறது. தோல் புற்றுநோய் வெள்ளையர்களை வாட்டுகிற அளவுக்கு நம்மை வாட்டாததற்கு அந்தக் குடை ஒரு முக்கிய காரணம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் மத்தியானத்தில் ஸ்கூட்டரில் போகிற பெண், அந்தக் குடையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறாள். கறுப்பு இன்னும் கூடுகிறது. அதற்கு இன்னும் கொஞ்சம் கிரீம்...

ஏற்கெனவே இப்படி ஏதாவது பூசிக்கொண்டிருக்கிறீர்களா? பயந்துபோய் ஒளிக்காதீர்கள். டியூபையோ டப்பாவையோ அப்படியே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். நிறுத்தினதும் முகம் எரியும், சிவக்கும். அதற்குப் பயந்து திரும்பப் பூசுவதுதான் வலை. எப்படி நிறுத்துவது, நடுவில் என்ன போடுவது என்று அவர் சொல்வார். சரியாக மாதங்கள் ஆகலாம். எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரே போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. அதைத் தாண்டினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டிலும் தோல் பிரிவு உண்டு, காசில்லை. பெயர் தெரியாத கிரீம் பூசியவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கிரீம் பூசியதையும் மறக்காமல் சொல்லுங்கள். நரம்பில் ஏற்றுகிற குளுட்டாதயோன் ஊசி, 'வொயிட்டனிங் டிரிப்' எல்லாம் பார்லர் வரைக்கும் வந்துவிட்டன. கடுமையான தோல் ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம் என்று பிலிப்பைன்ஸ் அரசு 2011-லேயே எச்சரித்தது. நிறத்துக்காக ஊசி போட்டுக்கொள்வதை நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

எங்கள் தெருப் பெண் இப்போது தோல் டாக்டர் பார்வையில் இருக்கிறாள். சிவப்பு பாதி தணிந்திருக்கிறது. மெலிந்த தோலும் அந்த ரத்தக் குழாய்களும் எவ்வளவு தூரம் பழையபடி ஆகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையனிடம் அவளே போனில் சொல்லிவிட்டாளாம். "நான் பார்த்தது பழைய முகத்தைத்தானே" என்றானாம் அவன். அந்தப் பெரியவரின் காதுக்கு இதெல்லாம் போனதா என்று தெரியாது.

போன வாரம் அவள் அம்மா மறுபடி வந்தார். கையில் பிரிக்காத ஒரு டியூப். மொத்தமாக வாங்கி வைத்ததில் மிச்சமாம்.

"காசு போட்டு வாங்கினது, தூக்கிப் போட மனசு வரல டீச்சர். பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா... குடுத்துடவா?"

நான் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.